வாடகை வீட்டுக்காரரின் அமைச்சர் பீட்டர் கெனமன்

1947 ஆம் ஆண்டு நடந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் கொழும்பு மத்தி வாக்காளர் ஒவ்வொருவரிடமும் 3 வாக்குகள் இருந்தன. விரும்பினால் மூன்று பேருக்குப் பிரித்துப் போடலாம். விரும்பினால் மூன்றையும் ஒருவருக்கே போடலாம். பல இனத்தவர் நெருங்கி வாழும் இடத்தில் சிறிய சமூகங்களுக்கும் ஓர் ஆளை அனுப்ப வழி இருக்க வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. முதலாவதாக வந்தவர் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க. இரண்டாவதாக வந்தவர் ஸாஹிராக் கல்லூரியை வளர்த்தெடுத்த ரீ. பி. ஜாயா. மூன்றாவதாக வந்தவருக்கு அப்போது 30 வயதுகூட நிறையவில்லை. அவர் சிங்களவரும் இல்லை, தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. ஒல்லாந்தப் பறங்கியர். கம்யூனிஸ்ட். உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் மகன்.

எங்கள் அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் பல அங்கத்தவர் தொகுதி என்ற தலைப்பின் கீழ் அவருடைய பெயர் ஒரு தரம் வரும், போகும். பீட்டர் கெனமன். ஜாயாவைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. குணசிங்கவுக்கும் நகரில் நினைவுச் சின்னங்கள் உண்டு. இந்த மூன்றாம் ஆளைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பது கொஞ்சம்தான். ஆனால் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் மருதானையிலும் பழைய தோட்டங்களில் வாழும் எத்தனையோ குடும்பங்களின் அலுமாரியில் இருக்கும் வீட்டு உறுதிக்குப் பின்னால் அவர் இருக்கிறார். அதனால்தான் எழுதத் துணிந்தேன். கம்யூனிஸ்ட் என்றதும் சில பெற்றோர் முகம் சுளிக்கலாம். இறை நம்பிக்கையில் அவருடைய வழி வேறு, நம்முடைய வழி வேறு. அந்த விடயத்தில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

கெனமன் 1917 ஒக்டோபரில் கொழும்பில் பிறந்தார். ரோயல் கல்லூரியில் படித்து, மேற்படிப்புக்கு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் போனார். அங்கே மாணவர் விவாத மன்றத்தின் தலைவராக வந்தார். குடியேற்ற நாட்டிலிருந்து வந்த ஒருவர் அந்தக் கதிரையில் அமர்வது அக்காலத்தில் சிறிய விடயம் அல்ல. அவருக்குச் சற்று முன்னர் அதே கதிரையில் இருந்தவர் தமிழ்நாட்டு ஜமீன்தார் குடும்பத்தைச் சேர்ந்த மோகன் குமாரமங்கலம். செல்வந்தர் வீட்டில் பிறந்த இருவரும் அங்கே கம்யூனிஸ்டுகளாக மாறினார்கள். பின்னாளில் 1970களின் தொடக்கத்தில் ஒரே காலத்தில் ஒருவர் டில்லியிலும் மற்றவர் கொழும்பிலும் அமைச்சர்களாக இருந்தார்கள்.

அவர் மணந்த ஹெடி வியன்னா நகரத்து யூதப் பெண். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஹெடி சிறுமியாக இருந்தபோது அந்த நகரத்தின் மாநகர சபை ஒரு பெரிய காரியம் செய்துகொண்டிருந்தது. ஆடம்பர வீடுகளுக்குக் கூடிய வரி விதித்து, அந்தப் பணத்தில் தொழிலாளருக்கு 60,000 க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. அவற்றில் கார்ல் மார்க்ஸ் பெயரில் உள்ள தொடர்மாடி ஒரு கிலோமீற்றருக்கும் கூடிய நீளம். கணவனும் மனைவியும் இதைப் பற்றிப் பேசியிருப்பார்களா என்பதை ஊகிக்கத்தான் முடியும். பேசாமல் இருந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். இருவரும் 1940 இல் இலங்கை வந்தார்கள். போர் முடிந்த பின்னர் ஹெடி ஐரோப்பா திரும்பினார். அந்தத் திருமணம் அதோடு முடிந்தது. பின்னர் கெனமன் மோட் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை மணந்தார்.

நாடு திரும்பியவர் தந்தையைப் போல நீதித்துறைக்குப் போயிருக்கலாம். கறுவாத்தோட்டத்தில் ஒரு வீடு, வாசலில் ஒரு கார் என்று வாழ்க்கை தானாக வந்திருக்கும். அவர் போனது துறைமுகத் தொழிலாளரிடமும் தோட்டங்களுக்குள்ளும். 1943 இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோது அதன் பொதுச் செயலாளர் ஆனார். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, அ. வைத்திலிங்கம், பொன். கந்தையா, நா. சண்முகதாசன் போன்றவர்கள் அன்றைய தோழர்கள். 1947 இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஜூன் 5 ஆம் திகதி ஊர்வலத்தில் சென்ற கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் பொலிஸ் சூட்டில் உயிரிழந்தார். அந்தச் சூடு ஆறுவதற்குள் வந்த தேர்தலில்தான் கெனமன் வென்றார். பிறகு 1977 வரை, 30 வருடம், அந்தத் தொகுதி அவரைக் கைவிடவில்லை.

இங்கே தோட்டம் என்று நான் சொல்வது தேயிலைத் தோட்டத்தை அல்ல. வெளியூர் வாசகர்களுக்காக இதை விளக்க வேண்டும். ஒரு காலத்தில் முகத்துவாரமும் கொட்டாஞ்சேனையும் பணக்காரர் வாழ்ந்த பகுதிகள். கடற்காற்று வீசும் பெரிய வளவுகள் இருந்தன. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்கு அலைதாங்கி கட்டிக் கப்பல்கள் பெருகியதும் பண்டகசாலைகளும் ஆலைகளும் வந்தன. புகையும் இரைச்சலும் பிடிக்காத செல்வந்தர்கள் தெற்கே போனார்கள். விட்டுப்போன வளவுகளுக்குள் வரிசை வரிசையாகச் சிறு வீடுகளைக் கட்டித் துறைமுகத்து ஆட்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஒரு வரிசைக்கு ஒரு குழாய், சில மலசலகூடங்கள். வீட்டுக்கு ஓர் அறை. அதைத்தான் தோட்டம் என்கிறோம், சிலர் வத்தை என்பார்கள், உள்ளே போகும் ஒடுங்கிய பாதைக்கு முடுக்கு என்று பெயர். மாடி வீட்டில் இருப்பவர்கள் அதைச் சேரி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அங்கே பிறந்தவர்கள் யாரும் அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை.

வாடகைக்கு இருப்பவனின் பயம் ஒன்றுதான். நாளைக்கு எழும்பச் சொன்னால் எங்கே போவது? இந்தப் பயம் உலகம் முழுவதற்கும் பொது. முதலாம் உலகப் போரின்போது 1915 இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் வீட்டுக்காரர்கள் வாடகையைக் கூட்டினார்கள். ஆண்களில் பலர் போர்முனையில் இருந்தார்கள். மேரி பார்பர் என்ற குடும்பப் பெண்ணும் அயல் வீட்டுப் பெண்களும் சேர்ந்து கூடிய வாடகையைக் கொடுக்க மறுத்தார்கள். வீட்டைக் காலி செய்விக்க அதிகாரிகள் வந்தால் மணி அடித்து எல்லோரையும் கூட்டி வழியை அடைத்தார்கள். ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் சேர்ந்துகொண்டன. அந்த வருடம் முடிவதற்குள் பிரித்தானியப் பாராளுமன்றம் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே எண்ணம்தான் அடுத்த போரில், 1942 இல், வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டமாக இலங்கைக்கும் வந்தது. 1948 இல் அதற்குப் பதிலாக வேறொரு சட்டம் வந்தது. ஆனால் வாடகைக்காரரை எழுப்புவதற்கு அதில் ஓட்டைகள் இருந்தன. வழக்குக்குப் பணம் உள்ளவர் பக்கமே பெரும்பாலும் காற்று வீசியது.

கெனமனின் வாக்காளர்களில் பெரும்பகுதியினர் இப்படி வாடகைக்கு இருந்தவர்கள். அவருக்கென்று சாதி வாக்கு, சமய வாக்கு, இன வாக்கு எதுவும் இல்லை. கொழும்பு மத்தியில் இருந்த பறங்கியர் எல்லோரும் மூன்று வாக்கையும் அவருக்கே போட்டிருந்தாலும் கட்டுப்பணம் தப்பியிருக்குமோ தெரியாது. முஸ்லிம் கடைச் சிப்பந்தியும் தமிழ்த் துறைமுகத் தொழிலாளியும் சிங்கள ஆலைத் தொழிலாளியும் போட்ட வாக்கில்தான் அவர் 30 வருடம் இருந்தார். பறங்கியரில் பலர் 1956 க்குப் பிறகு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இவர் இங்கேயே நின்றார்.

அவருடைய எல்லா முடிவுகளையும் என்னால் பாராட்ட முடியாது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது கம்யூனிஸ்ட் கட்சி எதிர்த்து வாக்களித்தது. பத்து வருடம் போவதற்குள் நிலைமை தலைகீழானது. 1966 ஜனவரியில் தமிழ் மொழிக்குச் சில உரிமைகள் கொடுக்கும் ஒழுங்குவிதிகளை எதிர்த்துச் சுதந்திரக் கட்சி நடத்திய போராட்டத்தில் இடதுசாரிகளும் போய் நின்றார்கள். கெனமனின் கட்சியும் நின்றது. தமிழில் படித்துத் தமிழில் எழுதும் எனக்கு இந்தப் பக்கத்தைப் புரட்டும்போது கோபம்தான் வருகிறது. அந்தக் கூட்டுத்தான் அவருக்கு அமைச்சர் பதவியையும் கொண்டுவந்தது என்பது இன்னும் கசப்பு.

1970 இல் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையில் ஐக்கிய முன்னணி ஆட்சி அமைந்தது. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சரான அதே அமைச்சரவையில் கெனமன் வீடமைப்பு நிர்மாண அமைச்சரானார். கொழும்பு மத்தியில் அந்த முறையும் அவர் மூன்றாவதுதான். அவருக்கு மேலே ஆர். பிரேமதாசவும் பளீல் கபூரும் இருந்தார்கள்.

முதலில் 1972 இல் வாடகைச் சட்டம். சட்டப்படி நிர்ணயித்த வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. முற்பணமாக மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாங்கிய வாடகைக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். வாடகைக்கு இருந்தவர் இறந்துவிட்டால் கூட இருந்த குடும்பத்தினர் தொடர்ந்து இருக்கலாம். பிணக்கு வந்தால் வாடகைச் சபைக்குப் போகலாம். இதில் பற்றுச்சீட்டு விடயம் சின்னதாகத் தெரியும். ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாத ஏழைக்கு, தான் இந்த வீட்டில் இருந்தேன் என்று காட்ட அந்தத் துண்டுக் கடதாசியை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

அடுத்த வருடம், 1973 ஜனவரியில் வந்ததுதான் பெரிய இடி. வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம். இதன்படி தனி ஒருவர் 2 வீடுகள் வைத்திருக்கலாம். குடும்பம் என்றால், தங்கி வாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வருகிற அளவு வைத்திருக்கலாம். அதற்கு மேற்பட்டவற்றை அதில் குடியிருப்பவர் வாங்கிக்கொள்ளலாம், அல்லது அவை தேசிய வீடமைப்பு ஆணையாளரின் கைக்குப் போகும். ஆணையாளரிடமிருந்தும் குடியிருப்பவரே வாங்க விண்ணப்பிக்கலாம். முந்திய வருடம் காணிச் சீர்திருத்தம் வயலுக்கும் தோட்டக் காணிக்கும் உச்சவரம்பு போட்டிருந்தது. கெனமன் அதை நகரத்துக்குள் கொண்டுவந்தார்.

எங்கள் குடும்பத்தில் இந்தச் சட்டம் இரண்டு பக்கமும் வெட்டியது. உம்மாவின் பக்கம் முகத்துவாரத்தில் ஒரு தோட்டத்தில் வாடகைக்கு இருந்தார்கள். உம்மம்மாவின் வாப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், எழுத வாசிக்கத் தெரியாது. அப்போது உம்மம்மாவுக்கு 17 வயது, இப்போது எனக்கு உள்ள வயது. தோட்டத்தில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் மூன்று பேர். வரிசையில் இருந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் அந்த மூன்று பேரும்தான் குந்தியிருந்து விண்ணப்பம் நிரப்பினார்கள். பழைய பற்றுச்சீட்டுகளைத் திகதி வாரியாக அடுக்கி நூலால் கட்டினார்களாம். சிலரிடம் சீட்டே இருக்கவில்லை. அவர்களுக்காக அயலவர்கள் போய்ச் சாட்சி சொன்னார்கள். வாப்பாவின் பக்கம் வேறு கதை. வாப்பாவின் வாப்புச்சா சில்லறைக் கடை வைத்து, நகை விற்று, சிறுகச் சிறுக 5 வீடுகள் வாங்கியிருந்தார். பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் முடித்திருந்தார்கள். 3 வீடுகள் மேலதிகம் என்று போய்விட்டன. அவர் மாளிகையில் இருந்த முதலாளி அல்ல. வயது போன காலத்தில் அந்த வாடகையை நம்பி இருந்தவர்.

பெருநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த விவாதம் எங்கள் வீட்டில் இன்றைக்கும் நடக்கும். வாப்பாவின் சாச்சா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாடகை கட்டுப்பட்டதும் வீட்டுக்காரர்கள் கூரை ஒழுகினாலும் ஓடு மாற்றவில்லை. வாடகைக்கென்று புதிதாக வீடு கட்டவும் ஆட்கள் பயந்தார்கள். அன்று வாடகைக்கு இருந்தவர்களுக்கு வீடு கிடைத்தது, அதற்குப் பிறகு கொழும்புக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டமானது. உம்மம்மா இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. எழும்பிப் போய் வட்டிலப்பம் வெட்டிக்கொண்டு வருவார். அந்த வீட்டு முன்வாசலில் இருந்துதான் அவருடைய வாப்பாவின் ஜனாஸா போனது, அவருடைய மூன்று பிள்ளைகளும் படித்து வெளியே வந்தார்கள். நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் உம்மம்மாவின் பக்கம்தான். ஆனால் வாப்பாவின் வாப்புச்சாவுக்கும் ஐந்நூறு வீடு வைத்திருந்தவருக்கும் ஒரே அளவுகோலை வைத்தது சரியா என்ற கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதைப் பெருநாள் விவாதத்தில் யாரும் எடுப்பதில்லை. இந்தச் சட்டங்கள் வீடும் பற்றுச்சீட்டும் உள்ளவரைத்தான் காப்பாற்றின. கால்வாய் ஓரத்திலும் புகையிரதப் பாதை ஓரத்திலும் கடற்கரையிலும் பலகையும் தகரமும் வைத்துக் கட்டியவர்கள் யாருக்கும் வாடகைக்காரர் அல்ல. அவர்களுக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. 2001 இல் கொழும்பு மாநகரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் 1,614 குறைந்த வருமானக் குடியிருப்புகளும் அவற்றில் 77,612 குடும்பங்களும் இருந்தன. நகரத்து மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்.

அவர்களின் பக்கம் போனவர் கெனமனின் தொகுதிச் சகபாடியும் அரசியல் எதிரியுமான பிரேமதாசதான். வாழைத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அவருக்கு முடுக்கு வாழ்க்கையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1977 க்குப் பிறகு வீடமைப்பு அவர் கைக்கு வந்தது. 1979 இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை, 1984 இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் என்று போனது. அவர் ஐக்கிய நாடுகள் சபையில் வைத்த யோசனையின் பேரில் 1987 வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அறிவிக்கப்பட்டது. ஒருவர் இருந்த வீட்டைச் சொந்தமாக்கச் சட்டம் செய்தார், மற்றவர் இல்லாத வீட்டைக் கட்டக் கடன் கொடுத்தார். ஒரே தொகுதியில் ஒரே மக்களிடம் வாக்குக் கேட்ட இரண்டு பேரும் வீட்டைப் பற்றி இவ்வளவு யோசித்தது அந்த மக்களின் கெட்டித்தனம் என்றுதான் நான் நினைக்கிறேன். மூன்று வாக்கையும் எப்படிப் பாவிப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1973 இல் கெனமனின் அமைச்சு செய்த இன்னொரு சட்டம் தொடர்மாடி உரிமை பற்றியது. ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் தனி வீடு ஒன்றுக்குத் தனி உறுதி எழுத ஒழுங்கு செய்தது அது. பொதுவான படிக்கட்டையும் தண்ணீர்த் தாங்கியையும் பார்த்துக்கொள்ளப் பொது வசதிகள் சபை ஒன்றும் வந்தது. அப்போது அது சில தொடர்மாடிகளுக்கு மட்டும் உரிய விடயம். இன்று முகத்துவாரத்துப் பிள்ளைகளுக்கு அது அன்றாட விடயம். 2010 க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை தோட்டங்களை எடுத்து மக்களை உயர்ந்த மாடிகளுக்கு மாற்றத் தொடங்கியது. எங்கள் பகுதியில் முவதொர உயன அப்படி எழும்பியது. 400, 500 சதுர அடி வீட்டுக்குப் பத்து இலட்சம் ரூபாவை 20, 30 வருடத் தவணையில் கட்ட வேண்டும் என்று பலருக்குச் சொல்லப்பட்டது. கட்டி முடிக்கும் வரை உறுதி கையில் இல்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி அப்படியான ஒரு மாடியின் 9 ஆம் தட்டில் இருக்கிறாள். மழைக்கு ஒழுகாது, சொந்தக் குளியலறை இருக்கிறது என்று சந்தோஷப்படுவாள். மின்தூக்கி பழுதானால் அவளுடைய மூத்தம்மா கீழே இறங்க மாட்டார், இடியப்பம் விற்ற வருமானமும் நின்றுவிட்டது.

உறுதி இருந்தவர்களும் எப்போதும் தப்பவில்லை. 2010 மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது அங்கே சட்டபூர்வமான பத்திரம் வைத்திருந்த குடும்பங்களும் இருந்தன. படையினரும் பொலிசாரும் காவல் நிற்க இடித்தார்கள். முஸ்லிம் குடும்பங்களும் மலாய்க் குடும்பங்களும் நிறைந்த பகுதி அது. அந்த மக்கள் கூட்டம் கூடினார்கள், நீதிமன்றம் போனார்கள். கொழும்பில் வீட்டுக்காகக் கூடும் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் பெண்கள்தான். மேரி பார்பரை அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

கெனமனின் கட்சி 1977 இன் தொடக்கத்தில் அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. அந்த வருடத் தேர்தலில் அவர் தோற்றார். இடதுசாரிக் கட்சிகளுக்கு நாடு முழுவதிலும் ஓர் ஆசனம்கூடக் கிடைக்கவில்லை. உறுதி வாங்கிய குடும்பங்களே அவரை மறந்துவிட்டனவா, அல்லது பாணுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற களைப்பில் வாக்களித்தனவா என்று உம்மம்மாவிடம் கேட்டேன். வரிசையில் நின்ற நாட்களைப் பற்றித்தான் அவர் பேசினார். அடுத்த வருடம் வந்த அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. மூன்று வாக்குள்ள கொழும்பு மத்தியும் அதோடு போனது.

அவர் 1997 ஜனவரியில், 79 வயதில், காலமானார். வாடகைச் சட்டம் 1980 க்குப் பிறகு பல தடவை திருத்தப்பட்டு வலுக் குறைந்திருக்கிறது. உச்சவரம்புச் சட்டத்தின் கீழ் தொடங்கிய வழக்குகள் 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நடந்தன. வழக்குத் தொடுத்தவரும் எதிராளியும் இறந்து, பிள்ளைகள் அவர்களின் இடத்தில் நிற்கிறார்கள்.